வாளிக்கு முன்னால் யாரும் போவதில்லை

எங்கள் ஊரில் வாளியும் ஓர் ஆள். இது புரியாதவர்கள் என் மில்லுக்கு வரவேண்டாம்.

மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துக் கழுவி, வாளியில் கொட்டி எடுத்துக்கொண்டு விடிவதற்குள் பெண்கள் வந்துவிடுவார்கள். நின்று காத்திருக்க யாருக்கு நேரம்? வீட்டில் அடுப்பு இருக்கிறது, பிள்ளை இருக்கிறது, மாடு இருக்கிறது. அதனால் வாளியை வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எது யாருடைய வாளி என்று எல்லோருக்கும் தெரியும். ஒன்றில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். ஒன்றில் நகப்பூச்சால் பூ வரைந்திருக்கும். ஒன்றுக்குக் கைப்பிடி போய் வெறும் கம்பி இருக்கும். முன்னால் இருக்கும் வாளிக்கு உரியவள் வரவில்லை என்றால் பின்னால் இருப்பவள் காத்திருப்பாள். அந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்களாக இருந்தாலும் காத்திருப்பாள்.

ஒருமுறை எங்கள் ஊரான இந்த உராந்திரோவுக்குப் பிஷப் வந்தார். சாமியாரின் சமையல்காரி பெரிய அண்டாவோடு வந்து, "பிஷப்புக்குப் பசிக்குது, வழி விடுங்க" என்றாள். வரிசையில் இருந்த பெண்கள் தலையைக்கூடத் திருப்பவில்லை. "பிஷப்பும் காலையிலயே ஒரு வாளி வச்சிருக்கலாமே" என்று யாரோ சொன்னார்கள். அன்று பிஷப் மதியத்துக்கு மேல்தான் சாப்பிட்டார். மில் என்னுடையது, மின்சாரக் கட்டணம் நான் கட்டுகிறேன், ஆனாலும் என் சொந்தச் சோளத்தை அரைக்க நானும் வாளி வைத்துவிட்டுத்தான் காத்திருப்பேன்.

என் பெயர் அம்பாரோ. வாய் நீளம் என்பார்கள். மில் சத்தத்தில் பேசிப் பழகியவளுக்கு வேறு எப்படி இருக்கும்?

மில் ஓடத் தண்ணீர் வேண்டும். கல் சுற்றும்போது மேலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கல் சூடேறி மாவு கருகிவிடும். தண்ணீர் எங்கள் மலையில்தான் ஊறுகிறது. பைன் மரங்களுக்கு நடுவே, எங்கள் பாட்டன் பூட்டன் காவல் காத்த ஊற்று. ஆனால் அதன் குழாய் கீழே நகராட்சி இருக்கும் தலைமையூருக்குப் போகிறது. எங்கள் பக்கம் திருப்புகிற வால்வு ஊர் எல்லையில் ஒரு சிமெண்டுப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதன் சாவி எர்மினியோவின் இடுப்பில் தொங்கும்.

எர்மினியோ தலைமையூரில் ஆளும் கட்சியின் ஆள். எங்கள் ஊருக்குப் பொறுப்பாளர் என்று அவர்கள் நியமித்தது. நாங்கள் யாரும் கேட்டதில்லை. தண்ணீர் எப்போது வரும் என்று அவரைக் கேட்டால், "வரும்போது வரும்" என்பார். தேர்தல் நேரத்தில் மட்டும் தாராளமாக வரும். அதோடு கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகளும் லாரியில் வரும். கட்சியோடு நிற்பேன் என்று சொல்பவர் வீட்டுக் கூரையில் ஒரு தொட்டி ஏறும். மலை மேலிருந்து பார்த்தாலே போதும், யார் எந்தப் பக்கம் என்று கூரையைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

என் தங்கை டெல்பினா வீட்டுக் கூரையிலும் ஒன்று ஏறியது.

அன்று அவள் வாசலில் நின்றுகொண்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். "ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குப் போயிட்டியேடி" என்றேன். அவள் அமைதியாகத்தான் சொன்னாள். "அக்கா, என் வீட்டுக்காரர் நகராட்சி லாரி ஓட்டுறார். லாரிச் சாவி அவங்க கொடுத்தது. என் பையனுக்கு எர்மினியோ ஞானத்தகப்பன். உனக்கு மில் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?" அதற்கும் நான் ஏதோ சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் என்னிடம் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் தினமும் காலையில் அவள் வாளி என் மில் வரிசையில் இருக்கும். முறை வந்ததும் அரைத்துக் கொடுப்பேன். வாங்கிக்கொண்டு போவாள்.

இந்த நிலைமையில்தான் செனோபியா வடக்கிலிருந்து திரும்பி வந்தாள். அமெரிக்காவில் ஆப்பிள் தோட்டங்களில் பல வருஷம் வேலை செய்தவள். சத்தமாகச் சிரிப்பாள், சத்தமாகச் சண்டை போடுவாள். வந்த புதிதில் ஒருநாள் மில் வாசலில் வாளி மேல் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"இந்த வரிசைல இதுவரைக்கும் சண்டை வந்திருக்கா?"

"வராது" என்றேன்.

"போலீஸ் இருக்கா? பொறுப்பாளர் இருக்கா? கட்சி இருக்கா?"

"வாளி இருக்கு" என்றாள் சபினா. சபினாவுக்கு இரட்டைப் பிள்ளைகள், கைக்குழந்தைகள். சிவப்புத் துணி கட்டிய வாளி அவளுடையது.

"அப்போ மாவுக்கு நாமளே முறை வச்சுக்கலாம், தண்ணிக்கு மட்டும் எர்மினியோ வேணுமா?" என்றாள் செனோபியா.

அவ்வளவுதான் ஆரம்பம். பக்கத்து மலையில் எங்களைப் போன்ற சில புரேபெச்சா பழங்குடி ஊர்கள் அதற்கு முன்பே கட்சிகளை வெளியே அனுப்பியிருந்தன. ஊர் கூடி முடிவெடுப்பது, ஊர் கூடியே ஆளை வைப்பது, சரியில்லை என்றால் ஊர் கூடியே இறக்குவது. அதற்கு முதலில் மாநிலத்திலிருந்து அதிகாரி வந்து, ஊர் மக்களை ஒரே நாளில் ஓரிடத்தில் கூட்டி, "கட்சி முறை வேண்டுமா, ஊர் முறை வேண்டுமா" என்று கேட்டு எண்ணவேண்டும். எங்களுக்கு எதுவும் தெரியாது. எல்லாவற்றையும் மில் வரிசையில் பேசித்தான் கற்றுக்கொண்டோம். மனு எழுதினோம், கிழித்தோம், மறுபடி எழுதினோம். வீடு வீடாகப் போனோம். சில வீடுகளில் சோள மாவை இலையில் பொதிந்து அவித்த கொருந்தா கொடுத்து உட்காரவைத்தார்கள், சில வீடுகளில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். என் முழங்கால் அப்போதுதான் கெட்டுப்போனது.

ஆண்களுக்குப் பல மாதம் விஷயமே தெரியாது. மில்லுக்கு ஆண்கள் வருவதில்லையே. தெரிந்தபோது எர்மினியோ சிரித்தார். "மாவு மில் சர்க்காரா? சோளம் மந்திரி யாரு, சுண்ணாம்பு மந்திரி யாரு?" என்று கேட்டார். பிறகு ஒருநாள் என் வாசலுக்கு வந்து சிரிக்காமல் சொன்னார்.

"அம்பாரோ, இந்த எண்ணிக்கைல நீங்க தோத்துட்டா, மில்லுக்கு ஒரு சொட்டுத் தண்ணி வராது. அப்புறம் கல்லை வித்துட்டு நீயும் வடக்க போகவேண்டியதுதான்."

"அப்போ நீங்களும் சோளத்தை முழுசாத்தான் முழுங்கணும்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர எனக்குத் தெரியும்: அவர் சொன்னால் செய்வார்.

எண்ணும் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடம் கோயிலுக்கு எதிரே இருக்கும் கூடைப்பந்து மைதானம். சுற்றிலும் கயிறு கட்டி, ஒரே ஒரு வாசல் விட்டிருந்தார்கள். வாசலில் வாக்காளர் அட்டையைக் காட்டி உள்ளே போகவேண்டும். ஊர் முறை வேண்டுமென்றால் வலது பக்கம் நிற்கவேண்டும். கட்சி முறை போதுமென்றால் இடது பக்கம். வரிசை முடிந்ததும் வாசலைக் கட்டிவிட்டுத் தலைகளை எண்ணுவார்கள். காலையிலேயே எண்ணுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

இப்போது எங்கள் ஊர்க்காரர்களால் மட்டுமே செய்யமுடிந்த ஒரு தப்பைச் சொல்கிறேன். விடிந்ததும் மைதானத்துக்கு வந்த பெண்கள் எல்லோரும் கையில் காலி வாளியோடு வந்தார்கள். யாரும் சொல்லிவைக்கவில்லை. வரிசை என்றால் வாளி. கை தானாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. கூரையில் தொட்டி இருப்பவர்களும் வாளியோடுதான் வந்தார்கள். செனோபியா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏண்டி, ஓட்டுப் போட வந்தீங்களா, மாவரைக்க வந்தீங்களா?" கேட்டவள் கையிலும் ஒரு வாளி இருந்தது.

அதிகாரி வரவில்லை. வெயில் ஏறியது. மனிதர்களும் வாளிகளுமாக வரிசை மைதானத்திலிருந்து கோயிலைச் சுற்றி நீண்டது. முன்னால் எர்மினியோவும் அவருடைய ஆட்களும் நின்றார்கள். அவர்களுக்கு அடுத்தது சபினாவின் சிவப்புத் துணி வாளி. சபினா அதன் மேலேயே உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் டெல்பினா. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஐந்தாறு பேர். அவள் பின்னல் மட்டும் தெரிந்தது.

உச்சிவெயில் நேரத்தில் கோயில் சுவரோரக் குழாய் இருமியது. காற்று வந்தது, பிறகு துரு வந்தது, பிறகு தண்ணீர் கொட்டியது.

பத்து நாளாக வராத தண்ணீர்.

வீட்டில் தொட்டி இல்லாதவளுக்குத் தண்ணீர் வரும் நேரத்தில் வேறு எதுவும் காதில் ஏறாது. ரப்பர் குழாயை மாட்டி, பேரலை நிரப்பி, பானையை நிரப்பி, குழந்தையைக் குளிப்பாட்டி, எல்லாம் அந்த ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்தாகவேண்டும். எங்கள் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பிறகு எப்போதும் செய்வதைச் செய்தார்கள். வாளியை நேராக வைத்துவிட்டு ஓடினார்கள். சபினா இரண்டு பிள்ளைகளையும் சால்வையில் கட்டிக்கொண்டு ஓடினாள். நானும் ஓடியிருப்பேன், முழங்கால் விடவில்லை.

அப்போதுதான் எர்மினியோவின் இடுப்பைப் பார்த்தேன். சாவி இல்லை. யாரிடமோ கொடுத்து அனுப்பியிருக்கிறார். அவர் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தார். அந்த நிமிஷமே அதிகாரியின் வண்டி வந்து நின்றது.

வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். நின்றவர்களில் முக்கால்வாசி தொட்டி வீட்டுக்காரர்கள். அவர்கள் ஏன் ஓடவேண்டும்? தண்ணீர் தானாகப் போய்க் கூரையில் நிரம்பிக்கொள்ளும். எங்கள் ஆட்கள் இருந்த இடத்திலெல்லாம் வாளி. நீலம், மஞ்சள், பச்சை, துருப்பிடித்த தகரம். எல்லாம் வெயிலில் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

அதிகாரி இளைஞர். மரியாதையானவர். வண்டி வழியில் நின்றுவிட்டது என்று மன்னிப்புக் கேட்டார். சாயங்காலத்துக்குள் இன்னொரு ஊருக்குப் போகவேண்டுமாம். செனோபியா அவரிடம் ஓடினாள்.

"சார், பாதிப் பேர் தண்ணி பிடிக்கப் போயிருக்காங்க. கொஞ்ச நேரம் பொறுங்க."

"அம்மா, வரிசைல இருக்கிறவங்க உள்ள வரலாம். வரிசை முடிஞ்சா வாசலைக் கட்டணும். விதி அதான்."

"அவங்க வரிசைலதான் இருக்காங்க. இதோ வாளி."

அதிகாரி வாளிகளைப் பார்த்தார். "வாளிக்கு ஓட்டு இல்லைங்களே" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

செனோபியா அடுத்த நொடியே கோயில் மணிக்கூண்டுக்குப் போகும் படிகளில் ஏறிக்கொண்டிருந்தாள். இங்கே வாசல் திறந்தது. எர்மினியோ முதல் ஆளாக உள்ளே போய் இடது பக்கம் நின்றார். அவர் ஆட்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். பிறகு வாசல்காரர் "அடுத்து" என்றார்.

அடுத்தது சபினாவின் வாளி. அதற்குப் பின்னால் டெல்பினா.

டெல்பினா நகரவில்லை.

"அடுத்து, அம்மா, நீங்கதான்."

"நான் இல்லைங்க. எனக்கு முன்னாடி சபினா இருக்கா" என்றாள் என் தங்கை.

வாசல்காரர் குனிந்து வாளியைப் பார்த்தார். நிமிர்ந்து டெல்பினாவைப் பார்த்தார். உள்ளேயிருந்து எர்மினியோ கைதட்டிக் கூப்பிட்டார். "டெல்பினா, அந்த வாளிய ஓரமாத் தள்ளிட்டு வாம்மா. எத்தனை பேர் வெயில்ல நிக்கிறாங்க பாரு."

"அது சபினாவோட இடம்ங்க."

"சபினா எங்க?"

"தண்ணி பிடிக்கப் போயிருக்கா. நீங்கதானே திறந்துவிட்டீங்க."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. தொட்டி வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். எர்மினியோவின் முகம் சிவந்தது.

அதிகாரி தானே நடந்து வந்தார். "அம்மா, நீங்க உள்ள வரலைன்னா வரிசை முடிஞ்சுதுன்னு நான் எழுதவேண்டி வரும்."

"எப்படிங்க முடியும்? நான் வரிசைலதானே நிக்கிறேன்? எனக்குப் பின்னாடி இத்தனை பேர் நிக்கிறாங்களே."

அதிகாரி யோசித்தார். அவள் சொன்னது அவருடைய விதிப்படியே சரியாக இருந்தது. டெல்பினாவுக்குப் பின்னால் நின்ற ரெபூகியோ என்ற கிழவரைப் பார்த்து, "நீங்க முன்னாடி வர்றீங்களா ஐயா?" என்று கேட்டார். ரெபூகியோ கட்சிக்காரர், கூரையில் இரண்டு தொட்டி வைத்திருப்பவர். அவர் வேகமாகத் தலையாட்டினார். "நான் மாட்டேன்பா. வாளியைத் தாண்டினேன்னு தெரிஞ்சா என் பொண்டாட்டி நாளையிலேர்ந்து எனக்கு ரொட்டி தட்ட மாட்டா." அவருக்கு அடுத்த பெண், "எனக்கு முன்னாடி அவர் இருக்காரே" என்றாள். அதற்கடுத்தவள் தன் முன்னால் இருந்த கம்பி போட்ட வாளியைக் காட்டினாள். "இது யூலியாவோடது. அவ வரணும்." கோயிலைச் சுற்றிக் கேட்டுக்கொண்டே போனார் அதிகாரி. யாரும் நகரவில்லை.

அப்போது எர்மினியோ கயிற்றருகே வந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"டெல்பினா. ஞானஸ்நானத்துக்கு உன் பையனைக் கையில ஏந்தினவன் நான். அந்த மரியாதைக்கு உள்ள வா. இல்லைன்னா நாளைக்கு உன் வீட்டுக்காரனை லாரிச் சாவியக் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லு."

கையைக் கட்டிக்கொண்டாள். 'போ டெல்பினா, உள்ளே போய்த் தொலை' என்று சொல்ல வாய் வந்தது எனக்கு. மில் போனால் போகட்டும் என்று அந்த ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை.

"மரியாதை இருக்குதுங்க ஐயா" என்றாள் டெல்பினா. "என் ஓட்டு உங்களுக்குத்தான். இடது பக்கம்தான் நிக்கப் போறேன். ஆனா சபினா போன பிறகு."

எர்மினியோ கயிற்றை விட்டுத் திரும்பி இடது பக்கம் போனார். தனக்கு ஓட்டுப் போடுவேன் என்பவளை எப்படித் திட்டுவது?

மணி அடிக்க ஆரம்பித்தது. செனோபியா கயிற்றைப் பிடித்துத் தொங்கியிருக்கவேண்டும், மணி அப்படி அலறியது. அது நின்றபோது தூரத்தில் வீடுகளில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. நான் வரிசையைப் பார்த்தேன். என்னை ஏமாற்றியவர்கள், எங்கள் மேல் நாயை அவிழ்த்துவிட்டவர்கள், தொட்டிக்குத் தலையாட்டியவர்கள், எல்லோரும் காலி வாளிகளுக்குப் பின்னால் வெயிலில் நின்றார்கள். ஓரடி எடுத்து வைத்தால் ஜெயித்துவிடலாம். அது அவர்களுக்கும் தெரியும். ஒருவர்கூட எடுத்து வைக்கவில்லை. மாதக்கணக்கில் வீடு வீடாக ஏறி இறங்கி, ஊரே ஊரை ஆளமுடியும் என்று தொண்டை வற்றப் பேசியிருக்கிறேன். அதை நான் முழுதாக நம்பியது அந்த நிமிஷத்தில்தான்.

வாசல்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யாரோ அவருக்கும் அதிகாரிக்கும் இலையில் கொருந்தா கொண்டுவந்து கொடுத்தார்கள். அதிகாரி தன் தாளில் ஏதோ எழுதினார், அடித்தார், பேனாவை மூடிவிட்டார். "காத்திருக்கிறதுக்கு எந்த விதியும் தடை சொல்லலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

முதலில் வந்தவள் சபினா. பாவாடை முழங்கால்வரை ஈரம், முதுகில் ஒரு பிள்ளை, மார்பில் ஒரு பிள்ளை. ஓடிவந்தவள் தன் வாளியைப் பார்த்ததும் நின்று, மூச்சு வாங்கி, அதைக் கையில் எடுத்தாள்.

"நிரப்பிட்டியா?" என்று டெல்பினா கேட்டாள்.

"பாதி பேரல். மணி கேட்டதும் மூடிட்டு வந்துட்டேன்."

"சரி, போ. உனக்காகத்தான் நிக்கிறோம்."

ஒவ்வொரு தெருவிலிருந்தும் வந்தார்கள். பாதி பேரல், கால் பானை, தலையில் சோப்பு நுரையோடு ஒருத்தி. இனி தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் குழாயை மூடிவிட்டு வந்தவர்கள். அவரவர் வாளிக்கு நேராகப் போய் நின்றார்கள். யாரும் யாரிடமும் இடம் கேட்கவேண்டியிருக்கவில்லை. வரிசை நகர்ந்தது. சபினா வலது பக்கம் போனாள். டெல்பினா வாசலில் அட்டையைக் காட்டினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சொன்னபடி இடது பக்கம் போய், எர்மினியோவுக்குக் கொஞ்சம் தள்ளி, வாளியைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நாங்கள் ஜெயித்தோம். பெரிய வித்தியாசம் இல்லை. பாதி பேரலோடு ஓடிவந்தவர்கள் வராமல் இருந்திருந்தால் தோற்றிருப்போம், அவ்வளவுதான். எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. எனக்கு எதிராக ஓட்டுப் போட்ட என் தங்கையால் நான் ஜெயித்திருக்கிறேன். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது? தேடுவதற்குள் அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் அவள் புருஷனிடம் லாரிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு ஊரின் முதல் கூட்டம். அதே மைதானம், அதே வாளிகள், கயிறு மட்டும் இல்லை. முதல் விஷயம் வால்வுச் சாவி. எர்மினியோ அதை ஓர் உறையில் போட்டு ஆள் மூலம் அனுப்பியிருந்தார். எங்கள் முறைப்படி பொறுப்பைக் கேட்டு வாங்கக்கூடாது. கேட்பவருக்குக் கிடைக்காது. மற்றவர்கள் பெயர் சொல்லவேண்டும், பெயர் வந்தவர் நடுவில் வந்து நிற்கவேண்டும், வேண்டும் என்பவர்கள் அவருக்குப் பின்னால் வரிசையாக நிற்கவேண்டும். செனோபியாவின் பெயரை யார் முதலில் சொல்வது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சபினா எழுந்தாள். "டெல்பினா" என்றாள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். டெல்பினா கடைசி ஓரத்திலிருந்து எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"சபினா, கிண்டல் பண்ணாத. நான் உங்களுக்கு எதிரா நின்னவ."

"தெரியும். பார்த்துட்டுத்தானே இருந்தோம்."

"என் வீட்டுக் கூரைல அவங்க தொட்டி இருக்கு."

"இருக்கட்டும். நல்ல தொட்டி." சபினா ஒரு பிள்ளையைத் தோள் மாற்றினாள். "எனக்கு வேண்டியவ என் வாளிக்குக் காவல் நிக்கிறதுல என்ன இருக்கு? அது யாரும் செய்வா. எனக்கு வேண்டாதவ நின்னா. சாவி அவகிட்ட இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்."

டெல்பினா நடுவில் வந்து நின்றாள். செனோபியா முதலில் எழுந்து போய் டெல்பினாவின் பின்னால் நின்றாள். ரெபூகியோ கிழவர் போனார். யூலியா போனாள். வலது பக்கம் நின்றவர்களும் இடது பக்கம் நின்றவர்களும் கலந்து போனார்கள். நான் எழுந்திருக்க முயன்றேன். என் தங்கைக்கு நேர் பின்னால், அவள் பின்னலைத் தொடுகிற தூரத்தில் நிற்கவேண்டும் என்று எனக்கு ஆசை. முழங்கால் நிமிர மறுத்தது. நான் நடந்து போய்ச் சேர்வதற்குள் வரிசை மைதானத்தைத் தாண்டி, கோயிலைச் சுற்றி, பைன் மரங்கள் ஆரம்பிக்கும் இடம்வரை போய்விட்டது. மில்காரி என்று யாராவது வழிவிடுவார்களா? இந்த ஊரிலா? வாளியைத் தூக்கிக்கொண்டு கடைசியில் போய் நின்றேன். அங்கிருந்து அவள் தெரியவே இல்லை.

எனக்கு முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். பிறகு அவளுக்கு முன்னால் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். அவள் அடுத்தவளிடம் சொன்னாள். சொல் வரிசையோடு மேலே போவதைப் பார்த்தேன், தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. 'உன் அக்கா கடைசில நிக்கிறா. முட்டி முடியல.'

கோயில் முனையில் அது மறைந்தது. நான் காத்திருந்தேன். வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது. பிறகு அந்த முனையிலிருந்து தலைகள் திரும்ப ஆரம்பித்தன. ரெபூகியோ யூலியாவிடம், யூலியா இன்னொருத்தியிடம், தொட்டி வீட்டுக்காரி தொட்டி இல்லாதவளிடம். ஊரின் வாயெல்லாம் ஏறி இறங்கி, இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் தங்கையின் பேச்சு என்னிடம் வந்து சேர்ந்தது. எனக்கு முன்னால் நின்றவள் அதை அப்படியே சொன்னாள்.

"அக்கா, வாளிய வச்சிட்டு உக்காரு. உன் இடம் எங்கயும் போகாது."

வாளியைக் கீழே வைத்தேன். உட்காரவில்லை. அதன் பக்கத்தில், சாவி அவள் கைக்குப் போகும்வரை, நின்றுகொண்டே இருந்தேன்.